கோழி குறைகிறதா? தடயத்தை வைத்து ஓட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி

நத்தம் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் தோப்பு. மா, புளி, ஓரத்தில் கொஞ்சம் தென்னை. பதினோரு வருடமாகச் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி வளர்க்கிறேன். இத்தனை வருடத்தில் கீரி, மரநாய், காட்டுப்பூனை, தெருநாய், சாரை, பெருச்சாளி, வல்லூறு, ஒரே ஒரு முறை மனிதன் என்று எல்லோருக்கும் தீனி போட்டாகிவிட்டது. அதனால் அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் கோழி குறைந்தாலும் "ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்கண்ணே" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். கூண்டு பலமாக இருக்கும். கதவைச் சாத்த நேரமாகியிருக்கும், இல்லையென்றால் சாத்திய கதவுக்குக் கீழே மூன்று விரல் போகிற இடைவெளி இருக்கும்.

கீழே நடந்ததை வைத்துப் பிரித்திருக்கிறேன். உங்கள் வீட்டில் நடந்தது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் எல்லோருக்கும் பொது.

எதுவாக இருந்தாலும் முதலில்: வாசலைப் பெருக்காதீர்கள்

காலையில் கோழி செத்துக் கிடந்தால் வீட்டில் முதலில் நடப்பது, இறகையெல்லாம் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுத் தண்ணீர் தெளிப்பது. வந்தது யார் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அத்துடன் போய்விடும். இறகு எங்கே ஆரம்பித்து எந்தப் பக்கம் போகிறது, இரத்தம் கூண்டுக்கு உள்ளேயா வெளியேயா, வலை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பெருக்குங்கள்.

ஒன்றுமே பிடிபடவில்லை என்றால் அன்று சாயங்காலம் அடுப்புச் சாம்பலைச் சலித்து, கூண்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குத் தூவிவிடுங்கள். காலையில் தடம் விழுந்திருக்கும். நான்கு விரல், நகம் பதிந்திருந்தால் நாய். நான்கு விரல், வட்டமான தடம், நகம் தெரியவில்லை என்றால் பூனை வகை. ஐந்து விரல் என்றால் கீரி அல்லது மரநாய். பகலில் வந்திருந்தால் கீரி, இரவில் வந்திருந்தால் மரநாய் என்று வைத்துக்கொள்ளலாம். விரலே இல்லாமல் இழுத்துக்கொண்டு போன கோடு என்றால், கூண்டுக்குள் கையை விடாதீர்கள்.

கோழியைக் காணவில்லை, இறகுகூடக் கிடக்கவில்லை

*காணாமல் போனது பெட்டையா?* அப்படியென்றால் திருடனைத் தேடுவதற்கு முன்னால் வைக்கோல் போர், விறகு அடுக்கு, கள்ளிப் புதர், பழைய மாட்டுத் தொழுவத்துப் பரண் எல்லாம் பாருங்கள். திருட்டு முட்டை இட்டு அங்கேயே அடை படுத்திருக்கும். நாளுக்கு ஒரு தடவை, பத்து நிமிடம் தீனி தின்ன வரும். அந்த நேரத்தில் தீனியைப் போட்டுவிட்டு அது திரும்பிப் போகும் வழியைப் பின்தொடர்ந்தால் இடம் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் "நரி கொண்டுபோனது" என்று முடிவு கட்டிய ஒரு கோழி, மூன்று வாரம் கழித்து ஒன்பது குஞ்சுகளோடு வாசலுக்கு வந்து நின்றது.

*கண்டுபிடித்தால்* பகலில் தொந்தரவு செய்யாமல், இரவில் கோழியையும் முட்டையையும் கூடையோடு உள்ளே மாற்றுங்கள். வெளியே அடை கிடக்கும் கோழி காட்டுப்பூனைக்கு வைத்த விருந்து.

*இறகு வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றிரண்டு கிடக்கிறதா?* காட்டுப்பூனை. கழுத்தைக் கவ்வி அப்படியே தூக்கிக்கொண்டு போய் மறைவில்தான் தின்னும். வெயில் தாழும் நேரத்திலும் விடியும் நேரத்திலும் வரும். தீர்வு எளிது, செலவில்லாதது: அடைக்கும் நேரத்தை முன்னே கொண்டுவாருங்கள். மார்கழியில் ஆறு மணிக்கே கோழி அடைந்துவிடும், சித்திரையில் ஆறரை தாண்டும். கடிகாரத்தைப் பார்த்து ஏழு மணிக்குக் கதவைச் சாத்துகிறவர்களுக்கு மார்கழியில்தான் இழப்பு அதிகம். காலையிலும் அதேபோல, நன்றாக வெளிச்சம் வந்த பிறகு திறங்கள்.

*ஒரே இரவில் பெரிய சேவலாகப் பார்த்து மூன்று நான்கு போயிருக்கிறதா, கதவுக் கொண்டி ஒழுங்காகத் திரும்பப் போட்டிருக்கிறதா?* அந்த மிருகத்துக்கு இரண்டு கால்தான். ஒரு பூட்டு வாங்குங்கள்.

ஒரே இரவில் பல கோழி செத்துக் கிடக்கிறது, தின்னவும் இல்லை

இதுதான் மனதை உடைக்கிற காட்சி. எனக்கு இரண்டாவது வருடம் நடந்தது. பதினான்கில் ஏழு. ஏதோ பெரிய மிருகம் என்று நினைத்து இரண்டு நாள் டார்ச்சோடு விழித்திருந்தேன். கடைசியில் பார்த்தால், பட்டறையில் செய்து வாங்கிய கதவு, கீழ் மூலையில் சட்டத்தோடு ஒட்டாமல் நின்றிருக்கிறது. மேலே ஒரு கொண்டிதான். கீழே உதைத்தால் கை நுழைகிற அளவுக்கு விலகும்.

*முதல் சோதனை (செலவு இல்லை):* கதவைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டு, கீழ் மூலையைக் காலால் தள்ளிப் பாருங்கள். விலகினால் ஓட்டை அதுதான். கீழே இன்னொரு தாழ்ப்பாள் போட்டால் தீர்ந்தது. கயிறு போட்டுக் கட்டுவதெல்லாம் கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும்.

*இரண்டாவது:* இறகு கூண்டுக்கு வெளியே அகலமாகச் சிதறியிருக்கிறதா, வலை உள்பக்கமாகக் கிழிந்து தொங்குகிறதா? நாய். பசிக்கு வருவதில்லை, கோழி ஓட ஓட விரட்டிக் கடித்துப் போடும். அறுகோணக் கண் போட்ட கோழி வலையை நாய் பல்லால் இழுத்துக் கிழித்துவிடும். அந்த வலை கோழியை உள்ளே வைக்கத்தான் ஆகும், நாயை வெளியே வைக்க ஆகாது. தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்காவது அரை அங்குல வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த கெட்டி வலை) அடியுங்கள். அதற்கு மேலே பழைய வலையே போதும். காசை மிச்சப்படுத்த நினைத்து மேலே மெஷ்ஷும் கீழே வலையுமாகப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் "பார்க்க அழகா இருக்குல்ல" என்கிறார்கள்.

*மூன்றாவது:* சிதறல் கூண்டுக்குள்ளேயே இருக்கிறது, கழுத்திலும் தலையிலும் கடி, ஒன்றிரண்டில் மட்டும் கொஞ்சம் தின்றிருக்கிறது. மரநாய். இது ஏறும். எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள்; நீங்கள் கூரையைப் பாருங்கள். ஓடு விலகிய இடம், ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் அலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து, கூண்டின் மேல் சாய்ந்திருக்கும் மாங்கிளை. கிளையை ஆறடிக்கு வெட்டிவிடுங்கள். சந்துகளில் மெஷ் துண்டை வைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்குங்கள். சாக்கைத் திணித்து அடைத்தால் இரண்டே நாளில் பிடுங்கிப் போட்டுவிடும்.

*நான்காவது:* வலை கிழியவில்லை, கூரையும் சரி, ஆனால் ஓரத்தில் மண் பறித்திருக்கிறது. தோண்டி வந்திருக்கிறது. சுற்றிலும் ஒரு அடி ஆழத்துக்கு மெஷ்ஷை மண்ணுக்குள் இறக்கலாம். பாறை நிலமாக இருந்தால் அது நடக்காது. அங்கே மெஷ்ஷை வெளிப்பக்கமாக இரண்டடி தரையிலேயே விரித்து, சுவரோடு கட்டி, மேலே கல் அடுக்கிவிடுங்கள். தோண்ட வருவது சுவர் ஓரத்தில்தான் தோண்டும். கால் வைக்கும் இடத்திலேயே கம்பி இருப்பதால் விட்டுவிட்டுப் போய்விடும். செலவும் குறைவு. எங்கள் வீட்டில் இதுதான்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* தெருநாய்க் கூட்டம் திரும்பத் திரும்ப வந்தால் ஊராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். கிட்டத்தட்ட உள்ளங்கை அளவுக்குப் பூனைத் தடம் விழுந்திருந்தால் அதற்கு மேல் நீங்களே ஆராய வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள். மலையடிவாரத்தில் சிறுத்தை நடமாட்டம் புதிதில்லை.

இந்த இடத்தில் ஒன்று. கோபத்தில் சிலர் செத்த கோழியில் விஷம் வைப்பார்கள். அதைத் தின்று செத்தது அவர்கள் வீட்டு நாயாகவோ, பக்கத்துத் தோப்பு மயிலாகவோ இருக்கும். கீரியும் மரநாயும் காட்டுப்பூனையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, கொன்றால் வழக்கு. வீட்டு மின்சாரத்தைக் கம்பி வேலியில் கொடுப்பது அதைவிட மோசம். ராத்திரி அந்தப் பக்கமாக வருவது கீரிதான் என்று யார் சொன்னது, உங்கள் அப்பாவாகவும் இருக்கலாம்.

வலை ஓரத்தில் செத்துக் கிடக்கிறது. தலையோ காலோ மட்டும் இல்லை

கூண்டுக்குள் எதுவும் வரவில்லை. வெளியில் இருந்தபடியே இழுத்திருக்கிறது. கோழி வலையில் சாய்ந்து தூங்கும்போது தலையையோ காலையோ வலைக் கண் வழியாகப் பிடித்து இழுத்துத் தின்றிருக்கிறது. மரநாயும் பூனையும் செய்யும்.

முதலில் கோழி உட்காரும் கம்பை வலையிலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கட்டுங்கள். கோழிக்கு இருக்கும் இடங்களிலேயே உயரமான இடத்தில்தான் அடைய ஆசை. கம்பு இல்லாவிட்டால்தான் ஓரமாக ஒதுங்கும். அப்புறமும் நடந்தால் கீழ்ப்பகுதிக்குப் பழைய தகரமோ தென்னங்கீற்றோ வைத்து மறைத்துவிடுங்கள். பார்வையில் படாவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை.

பகலில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன

*தாய்க்கோழி திடீரென்று ஒரு மாதிரிக் கேறி, குஞ்சுகள் எல்லாம் புதருக்குள் ஓடுகின்றனவா?* மேலே பாருங்கள். வல்லூறு அல்லது பருந்து. வல்லூறு ஒளிந்திருந்து தாழப் பறந்து வந்து எடுக்கும். பருந்து வட்டமடித்து இறங்கும். காகமும் பொரித்த ஒரு வாரத்துக்குள் உள்ள குஞ்சைத் தூக்கும். செம்போத்தும் அப்படித்தான், அதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை.

செய்ய வேண்டியது: முதல் ஒரு மாதம் தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்தில் (கவிழ்த்து மூடும் கூடை) போட்டு வைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரம் மட்டும் திறந்துவிடுங்கள். பஞ்சாரத்தின் மேல் ஒரு கல் வையுங்கள், இல்லாவிட்டால் நாய் முட்டிக் கவிழ்த்துவிடும். வெயில் ஏற ஏற நிழலுக்கு மாற்ற மறக்கக் கூடாது. கத்திரி வெயிலில் பஞ்சாரத்துக்குள் வெந்து செத்த குஞ்சுகள், பருந்து எடுத்ததைவிட அதிகம்.

மேய்கிற இடத்தில் ஒதுங்க மறைவு வேண்டும். ஆமணக்கு, அகத்தி, முள்விறகுக் குவியல், நான்கு கல்லின் மேல் வைத்த பழைய தகரம், எதுவானாலும் சரி. பெருக்கித் துடைத்த மாதிரி இருக்கும் முற்றத்தில்தான் பருந்துக்கு வேலை சுலபம். இடம் சிறியது என்றால் பழைய மீன்வலையை மேலே இழுத்துக் கட்டுங்கள், நெகிழ்வாக இல்லாமல் விறைப்பாக. தொங்கினால் கோழியே மாட்டிக்கொள்ளும். பழைய சிடித் தட்டு கட்டித் தொங்கவிடுவது, குஞ்சுக்குச் சாயம் பூசுவது எல்லாம் செய்து பார்த்தேன். சிடிக்கு நான்கு நாள் பயந்தது. பிறகு அதே கயிறு கட்டிய கம்பத்தில் வந்து உட்கார்ந்தது.

*தாய் தரையைப் பார்த்துச் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறதா?* கீரி. பகலில், ஆள் சத்தம் அடங்கிய மதிய நேரத்தில் வரும். கல்சுவர் இடுக்கு, செங்கல் அடுக்கு, வைக்கோல் போருக்கு அடியில் தங்கியிருக்கும். அந்த அடுக்குகளைக் கூண்டிலிருந்து தள்ளி மாற்றினாலே வரவு குறையும். "கீரி இருந்தா பாம்பு வராது, இருக்கட்டும்" என்பார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டும் வந்தன.

இரவில் குஞ்சு குறைகிறது. கூண்டுக்குள் மண் மேடு

பெருச்சாளி. பஞ்சாரத்துக்கு அடியிலேயே வளை தோண்டி வந்து குஞ்சை இழுத்துக்கொண்டு போகும். கல் தளத்திலோ சிமெண்டுத் தரையிலோ சாக்கு விரித்து அதன் மேல் பஞ்சாரத்தைக் கவிழ்த்தால் அன்றைக்கே நிற்கும். மிச்சத் தீனியை இரவில் கூண்டுக்குள் வைக்காதீர்கள். பெருச்சாளி வருவது தவிட்டுக்குத்தான், குஞ்சு அதற்குக் கூடுதல். பெருச்சாளியைத் தேடிப் பாம்பு வரும், அது இன்னொரு செலவு.

பொரிக்கும் நாளில் மட்டும் குஞ்சு சாகிறது, ஓடு உடைந்த இடத்தில் மொய்த்திருக்கிறது என்றால் எறும்பு. அடைக்கூடையை நான்கு செங்கல்லின் மேல் தூக்கி, செங்கல்லைச் சுற்றிச் சாம்பலும் மஞ்சள் தூளும் போடுங்கள். இருபத்தொரு நாளில் பொரிக்கும். பத்தொன்பதாம் நாளே இதைச் செய்துவிட வேண்டும். (கூடையில் கரித்துண்டும் இரும்புத் துண்டும் வரமிளகாயும் போடுவது இடிக்கு என்பார் எங்கள் அம்மா. எறும்பு அதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை. ஆனாலும் நான் இன்னும் போடுகிறேன்.)

முட்டை குறைகிறது

*ஓடு, ஈரம் எதுவும் இல்லை, முட்டை சுத்தமாகக் காணோம்:* ஒன்று வீட்டில் யாரோ எடுத்திருக்கிறார்கள், கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் பாம்பு. சாரையோ நல்ல பாம்போ, முழுதாக விழுங்கிவிடும்.

*முட்டையிடும் கூடையிலேயே ஈரமும் ஓட்டுத் துண்டும்:* உங்கள் கோழியேதான். அலகில் மஞ்சள் கரு காய்ந்திருக்கிறதா பாருங்கள். கிளிஞ்சல் தூள் கொடுங்கள், கூடையை இருட்டான இடத்துக்கு மாற்றுங்கள், இட்டவுடன் எடுத்துவிடுங்கள். பழக்கம் விடவில்லை என்றால் அந்தக் கோழி குழம்புக்குத்தான்.

*ஓடு கூண்டிலிருந்து தள்ளிக் கிடக்கிறது:* கீரி, காகம், உடும்பு. கீரி முட்டையைக் கல்லில் எற்றி உடைக்கும், அதனால் சுவரோரம் ஓடு கிடக்கும். கூடையைத் தரையிலிருந்து தூக்கி, முன்பக்கம் கோழி மட்டும் நுழையும் அளவுக்குத் துணித் திரை தொங்கவிட்டால் காகம் நின்றுவிடும்.

மூன்றுக்கும் பொதுவான மருந்து, காலை பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் இரண்டு தடவை முட்டை எடுப்பது. ஆனால் மங்கிய வெளிச்சத்தில் கையை நேராகக் கூடைக்குள் விடாதீர்கள். குச்சியால் ஒரு தட்டு, டார்ச் வெளிச்சம், அப்புறம் கை. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

காயமே இல்லாமல் செத்துக் கிடக்கிறது

இதற்கு எல்லோரும் "பாம்பு கொத்திடுச்சு" என்பார்கள். பெரும்பாலும் இல்லை.

கூண்டுக்குள் நெரிசலா, காற்றுப் போக வழியில்லாமல் தார்ப்பாயால் நான்கு பக்கமும் மூடியிருக்கிறதா? மரநாய்க்குப் பயந்து மூடினவர்கள் வீட்டில் கோடையில் மூச்சுமுட்டிச் செத்திருக்கின்றன. மேல் பாதியை மெஷ்ஷோடு திறந்து விடுங்கள்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்து திருகல், இறக்கை தொங்கல் இருந்ததா? வெள்ளைக்கழிச்சல். வந்த பிறகு மருந்தில்லை, தடுப்பூசிதான். மற்ற கோழிகளைப் பிரித்து வையுங்கள். செத்ததை வெறுங்கையால் தொடாமல், சுண்ணாம்பு போட்டு ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள், நாய் இழுக்கும் இடத்தில் வீசாதீர்கள்.

இரண்டு நாளில் இரண்டுக்கு மேல் இப்படிச் செத்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு, கடைசியாகச் செத்ததைப் பையில் கட்டிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். போக முடியாதவர்கள் 1962 எண்ணுக்குக் கூப்பிடலாம். உயிரோடு இருப்பதை அவசரமாக விற்பதுதான் ஊர் முழுக்கப் பரப்புகிற வழி.

சாயங்காலம் கூண்டுக்குள் போக மறுக்கின்றன, மரத்தில் ஏறுகின்றன

இதைப் பலர் கோழியின் திமிர் என்று நினைத்து விரட்டி விரட்டி அடைப்பார்கள். கோழி சொல்வதைக் கேளுங்கள், உள்ளே ஏதோ இருக்கிறது.

இரவில் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்திலும் இடுக்கிலும் அழுத்தித் துடையுங்கள். துணியில் சிவப்புப் புள்ளி விழுந்தால் செள்ளு என்கிற பொடிப் பூச்சி. பகலில் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும். கூளத்தை முழுக்க வாரி எரித்து, கம்பை வெயிலில் போட்டு, கூண்டு முழுக்கச் சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை அடிக்க வேண்டும், செள்ளு முட்டையிலிருந்து புதிதாக வருவதற்காக. பெரும்பாலும் இரண்டு மூன்று இரவில் கோழி தானே உள்ளே போகும்.

துணி சுத்தமாக இருந்தால் கூரை ஓடுகளையும் உத்தரத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பாம்பு சட்டை உரித்துப் போட்டிருக்கலாம், அல்லது சட்டைக்குச் சொந்தக்காரரே இருக்கலாம். கம்பால் குத்தி விரட்டாதீர்கள். ஒருவர் தள்ளி நின்று அது எங்கே இருக்கிறது என்று கண் வைத்துக்கொள்ளட்டும், இன்னொருவர் தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் சொல்லட்டும். அன்று ஒரு ராத்திரி கோழி மரத்திலேயே அடையட்டும்.